அளவுச் சாப்பாடு

வாலாஜாபாத்தில் மதிய நேரத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும், உட்காரும் முன்பே கேள்வி வந்துவிடும்: "அளவா, ஃபுல்லா?" அளவு என்றால் ஒரு கிண்ணம் சோற்றைக் கவிழ்த்துவிட்டு, குழம்பு ஒருமுறை, ரசம் ஒருமுறை, மோர் ஒருமுறை. ஃபுல் என்றால் இலையை மடிக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். அளவுச் சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவனுக்கு வயிறு நிறைந்திருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி எது என்று எனக்குப் பிடிபட, கொரியாவில் போய் ஏழு மாதம் சாப்பிட வேண்டியிருந்தது.

என் ஊர் திருமுக்கூடல். உத்திரமேரூர் வட்டம். செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் வந்து சேரும் இடம். மூன்று ஆறு கூடும் ஊர்க்காரன் வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் உடனே கலப்பு, சங்கமம் என்று உவமை சொல்லுவான் என்று எதிர்பார்ப்பார்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் இங்கே கூடுவது மணலும் மணலும்தான். ஆகவே அந்த உவமையை விட்டுவிடலாம். எங்கள் ஊர் கோயில் சுவரில் வேறொன்று இருக்கிறது. அது சாப்பாட்டுக் கணக்கு.

அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் அந்தக் கல்வெட்டு வீரராசேந்திர சோழன் காலத்தது. 1063 முதல் 1070 வரை ஆண்டவன் அவன். வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயைக் கோயில் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று வரி வரியாக வகுத்திருக்கிறது. வேதமும் இலக்கணமும் படிக்க வந்து தங்கியவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை குளிக்கத் தலைக்கு எண்ணெய். ஆதுலசாலை என்று ஒரு மருத்துவமனை, அதில் 15 படுக்கை, படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு. ஆலப்பாக்கத்திலிருந்து வந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு நெல்லும் காசும். சல்லியம் என்கிற அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், மருந்து காய்ச்சிப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று எல்லோருக்கும் பங்கு. யாருக்கு எத்தனை கலம், எத்தனை நாழி என்று ஒன்றும் விடுபடவில்லை.

சிறு வயதில் தொல்லியல் துறையின் நீலப் பலகையைத்தான் நாங்கள் பார்த்தோம். சுவரிலிருந்த எழுத்தைப் பார்த்ததில்லை. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான். வெளியூரிலிருந்து சில காலத்துக்கு வந்து தங்குகிறவனுக்கு யாரோ கணக்குப் போட்டுச் சோறு போடுகிறார்கள் என்பது நானும் அந்த நிலையில் இருந்து பார்த்த பிறகு வேறு மாதிரி படிந்தது.

*

எங்கள் பக்கத்தில் கொரியா ஒன்றும் புதிதில்லை. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998இல் சான்ட்ரோ வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று பரவின. நெடுஞ்சாலையில் கொரிய எழுத்துப் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்துக்கொண்டேதான் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். உள்ளே போனதில்லை. அது அவர்கள் சாப்பிடும் இடம்.

பிறகு என் கம்பெனி என்னை ஏழு மாதப் பயிற்சிக்கு உல்சானுக்கு அனுப்பியது. கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா பெட்டியைக் கட்டினாள். பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், வடகம், நார்த்தங்காய். கருவாடும் வைக்கப் பார்த்தாள், தடுத்துவிட்டேன். பொன்னி அரிசியைப் படியால் தலைதட்டி அளந்து போட்டாள். அளந்து முடித்துப் பையைக் கட்டும் முன் இன்னொரு கைப்பிடி எடுத்து மேலே போட்டாள்.

"எதுக்குமா? எடை கூடிடும்."

"இருக்கட்டும்டா. அளந்தது அளந்தாப்பல போவக்கூடாது."

எடை கூடத்தான் செய்தது. விமான நிலையத்தில் இரண்டு சட்டையை எடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன்.

*

உல்சானில் கம்பெனி எனக்கும் ஓர் அளவு வைத்திருந்தது. மதியம் கேன்டீன், இரவுக்கு பேட்டா. கேன்டீனில் பள்ளம் பள்ளமாக வகுந்த எவர்சில்வர் தட்டு. சோற்றுக்கு ஒரு பள்ளம், சூப்புக்கு ஒன்று, கிம்ச்சிக்கு ஒன்று, மற்ற தொட்டுக்கைகளுக்கு இரண்டு. ஜெயில் தட்டு மாதிரி இருக்கிறதே என்று முதல் நாள் தோன்றியது. குச்சியும் எவர்சில்வரில்தான். மரக்குச்சியாவது கையில் நிற்கும். இது வழுக்கி, முதல் வாரம் நான் சாப்பிட்டதைவிடத் தட்டில் தேடியது அதிகம்.

அந்த ஊர் அரிசி ஒன்றோடொன்று ஒட்டும். நாம் உதிரிச் சோற்றுக்குப் பழகியவர்கள். குழைந்தால் சமைத்தவரைப் பார்ப்போம். அங்கே குழைவுதான் குணம், இல்லாவிட்டால் குச்சியில் நிற்காது. குழம்பை ஊற்றிப் பிசைய முடியாது. சோற்றை ஒரு வாய், சூப்பை ஒரு வாய் என்று தனித்தனியாக எடுத்து வாய்க்குள்தான் சேர்க்க வேண்டும். கை செய்த வேலையை நாக்கு செய்ய வேண்டியிருந்தது.

முதல் மாதம் விடுதி அறைதான் எனக்கு ஊர். மூன்று பேர், ஒரு மின்குக்கர். விழுப்புரத்துக்காரர் ஒருவர், தருமபுரிக்காரர் ஒருவர், நான். இரவு பொன்னி அரிசியும் பருப்புப்பொடியும். பேட்டாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். அரிசி தீர்ந்த வாரத்தில் நகரத்திலிருந்த இந்திய ஓட்டலைத் தேடிக் கண்டுபிடித்துப் போனோம். சுவரில் தாஜ்மகால் படம், சமைத்தவர் நேபாளத்துக்காரர், மேசைக்கு வந்தது நான் ரொட்டியும் பன்னீர் பட்டர் மசாலாவும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திருமுக்கூடலில் என் அப்பா வாழ்நாளில் ஒருமுறைகூட அதைச் சாப்பிட்டதில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் நாட்டின் சாப்பாடு அது. என் வீட்டுச் சாப்பாடு இல்லை. "நம்மூர் சாப்பாடு சாப்பிட்டாச்சு" என்று விழுப்புரத்துக்காரர் ஏப்பம் விட்டார். அவர் முகத்திலும் அந்தப் பாக்கி நின்றது.

*

விடுதிக்குப் பின்சந்தில் நான்கு மேசை போட்ட ஒரு கடை. நடத்தியவருக்கு அறுபதுக்கு மேல் வயதிருக்கும். வருகிறவர்கள் எல்லாம் அவரை "இமோ" என்று கூப்பிட்டார்கள். அம்மாவுடன் பிறந்தவளை அழைக்கும் சொல் அது. சாப்பாட்டுக் கடைப் பெண்களை அங்கே அப்படித்தான் விளிப்பார்கள், நாம் அக்கா என்கிற மாதிரி. முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பிறகு அது வெறும் வியாபாரமாக இருக்க முடியாது என்பதை இரண்டு ஊரும் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன.

காசு கொடுத்து வாங்குவது ஒரு கிண்ணம் குழம்பும் ஒரு கிண்ணம் சோறும்தான். ஆனால் உட்கார்ந்ததும் ஐந்தாறு சின்னத் தட்டுகள் வந்து நிற்கும்: கிம்ச்சி, வேகவைத்த முளைப்பயறு, நெத்திலி வறுவல், கடற்பாசி, முள்ளங்கி. இவற்றுக்குப் பன்சான் என்று பெயர். தீரத்தீரக் கேட்கலாம், பில்லில் ஏறாது. இது ஃபுல் மீல்ஸ்தானே என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. அன்றைக்குத்தான் அந்த ஊரில் முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. போகப்போக, நாங்கள் கேட்காத ஒரு முட்டைப் பணியாரமோ இரண்டு துண்டு மீனோ மேசைக்கு வரும். "இது நாங்கள் சொல்லவில்லையே" என்று கையைக் காட்டினால் "சர்வீஸ்" என்பார். அந்தச் சொல்லுக்கு அங்கே கொரியர்கள் வைத்திருக்கும் பொருள், இலவசமாகத் தருவது. அவர்களுடைய சொந்தச் சொல் ஒன்றும் உண்டு: தோம். சந்தையில் காய் வாங்கும்போது நிறுத்த பிறகு மேலே அள்ளிப் போடுவதற்குப் பெயர் அது. கேட்டதும் சிரித்துவிட்டேன். கொசுறு! காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் நாம் கை நீட்டுகிற அதே கொசுறு.

கொசுறின் விலை கொஞ்சம்தான். அது இல்லாமல் வாங்கி வந்த காய் ஏன் மட்டமாகத் தெரிகிறது? நிறுத்ததில் நானும் கடைக்காரரும் சமம். காசு கொடுத்தேன், பொருள் வந்தது. அதற்கு மேலே விழுகிற அந்த ஒரு கொத்தில்தான் அவர் என்னைப் பார்க்கிறார். அளவுச் சாப்பாட்டில் பாக்கி நின்றது இதுதான்.

*

கிம்ச்சியை ஊறுகாய் என்று நினைத்துத் தொட்டவன் நான். நவம்பர் முடிவில் இமோ வீட்டில் கிம்ஜாங் நடந்தது. குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியை அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போடும் வேலை அது. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உப்பில் இரவு முழுக்கக் கிடந்த முட்டைக்கோசு மலை மாதிரி குவிந்திருக்க, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய இறால் எல்லாம் குழைத்து இதழ் இதழாகத் தடவினார்கள். இறால் வாடை வந்தபோது நான் அம்மாவிடம் தடுத்த கருவாடு நினைவுக்கு வந்து நின்றது. வடகம் போடும் நாளில் எங்கள் தெருவில் கேட்கும் அதே அரட்டை, அதே அதட்டல். மொழி மட்டும் புரியவில்லை.

அந்தச் சிவப்பைப் பார்த்து, "எங்க ஊர் காரம்போல" என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்தால், அது இரண்டு ஊர்க் காரமும் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியக் கப்பல்களோடு 16ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்தது. கொரியாவுக்கு அந்த நூற்றாண்டின் கடைசியில் ஜப்பான் வழியாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய கிம்ச்சி வெள்ளைதான். மிளகாய் போடாத வெள்ளைக் கிம்ச்சி இன்றும் கிடைக்கிறது. நம்மிடமும் அந்தப் பழைய வெள்ளை ஒன்று இருக்கிறது, காஞ்சி வரதர் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. மிளகாய்க்கு அதில் இடமில்லை. மிளகாய் வருமுன் இந்தப் பக்கத்து நாக்குக்குக் காரம் என்றால் என்ன என்பதை அந்த இட்லிதான் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. திருமுக்கூடல் மடைப்பள்ளியில் வீரராசேந்திரன் காலத்துப் பிள்ளைகள் சாப்பிட்ட சோற்றுக்கு இன்றைய என் நாக்கு உறைப்பு போதவில்லை என்றுதான் சொல்லும். உள்ளூர், வெளியூர் என்று நான் பிரித்து வைத்திருந்த தட்டில் உள்ளூர்ப் பள்ளத்தில் இருந்ததே பாதி வெளியூர்.

*

ஜனவரியில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். பொங்கல் அறையிலேயே கழிந்தது. மூன்றாம் நாள் விழுப்புரத்துக்காரர் கடையில் சொல்லியிருப்பார் போல. இமோ ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கு ஜுக் என்று பெயர். உடம்பு சரியில்லாதவனுக்கு அரிசியைக் குழைய வேகவைத்துத் தருவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களுக்கும்தான். கொஞ்சம் நல்லெண்ணெய் வாசம். அதுவும் பழகியதே.

தேறியதும் கடைக்குப் போனேன். அன்று கல்சட்டியில் சோறு வைத்துத் தந்தார். மேல் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததன் மேல் வெந்நீரை ஊற்றி மூடினார். சாப்பிட்டு முடித்த பிறகு மூடியைத் திறந்தால், காந்தல் நெகிழ்ந்து இளம்பழுப்பாக மிதக்கிறது. அடியில் பிடித்தது நுருங்ஜி, அந்த நீர் சுங்ன்யுங். கடைசியில் அதைக் குடித்துத்தான் எழ வேண்டும்.

நான் கரண்டியால் சுரண்டினேன். வீட்டில் பானைச் சோறு இருந்த காலத்தில் அடிக்காந்தலுக்கு எனக்கும் தங்கைக்கும் சண்டை நடக்கும். எல்லோருக்கும் போட்ட பிறகு அடியில் ஒட்டி மிஞ்சும் அதை அம்மா யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றி வைப்பாள், தனக்கென்று. நாங்கள் அதையும் பிடுங்குவோம். மின்குக்கர் வந்த பிறகு அடி பிடிப்பதில்லை. சண்டையும் இல்லை. இருபது வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கல்சட்டியிலிருந்து வந்தபோது, சாப்பிடும் வேலையைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இமோ ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார்.

*

ஊர் திரும்பிய பிறகுதான் கல்வெட்டைப் படித்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். 15 படுக்கை என்ற இடத்தில் நின்றேன். அந்தப் பதினைந்து பேரில் யாராவது ஒருவனுக்குப் பானையின் அடிச்சோறு பிடித்திருக்கும். ஆலப்பாக்கத்து மருத்துவருக்கும் ஊர்ப்பக்கத்து ஏதோ ஒரு தொட்டுக்கை இல்லாமல் சோறு இறங்காமல் இருந்திருக்கும். மூலிகை கொண்டுவந்தவர் கொஞ்சம் கீரையும் பறித்து வந்து கொடுத்திருக்கலாம். கல்லில் அதற்கெல்லாம் இடம் கிடையாது, குறையும் சொல்ல முடியாது. கணக்கின் வேலை ஒருவரும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்நியனின் வயிற்றுக்கு இவ்வளவு யோசித்த ஊர் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு.

கல் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் இருக்கிறது. படிக்க வந்து உட்கார்ந்தவர்கள் இன்னின்ன வேதத்தார் என்று இருக்கிறது. வயலைக்காவூரில் அந்த நெல்லை விளைவித்தவர் அந்தப் பந்தியில் உட்கார்ந்தாரா என்ற பேச்சில்லை. வயலைக்காவூர் இன்றும் எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. எந்தத் தெருவில் என்ன கறி வேகும், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார் என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் ஊருக்கே மனப்பாடம். உல்சான் விடுதியில் ஒரே குக்கரில் பொங்கிச் சாப்பிட்ட எங்கள் மூன்று பேரின் தாத்தாக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்திருக்க மாட்டார்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பள்ளத் தட்டு. ஜெயில் தட்டு என்று முதல் நாள் நினைத்ததைக் கடைசி மாதத்தில் அப்படி நினைக்க முடியவில்லை. தற்காலிகமாகப் போனவனுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை அதுதான். தெருவை ஊரிலேயே விட்டுவிட்டு நாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பி வந்ததும் தெரு அங்கேயேதான் இருக்கிறது. குக்கர் நட்பு மட்டும் இன்னும் அறுபடவில்லை. விழுப்புரத்துக்காரர் வீட்டில் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

*

அடுத்த வருடம் எங்கள் கம்பெனிக்குக் கொரியாவிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். இரண்டு வருடத்துக்கு மட்டும். மதியம் அவருக்கு ஸ்ரீபெரும்புதூர்க் கடையிலிருந்து டப்பா வரும். அதைப் பிரிக்கும்போது அவர் முகத்தில் தெரிந்ததை நான் பருப்புப்பொடி டப்பாவைத் திறந்த நாட்களில் என் அறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தேன்.

அன்று காஞ்சி வரதர் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் பழைய சீவரத்துக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். பழைய சீவரம், சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் வர, எங்கள் ஊர்ப் பெருமாளோடு ஐந்து பேரும் சேர்வார்கள். மணல் முழுக்க ஜனம், கட்டுச்சோறு, கரும்பு. இந்தப் பெருமாள்கள் எல்லோரும் இங்கேயே இருப்பவர்களா என்று மேற்பார்வையாளர் கேட்டார். இல்லை, வந்துவிட்டுத் தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்றேன். "ஓ, சுல்ஜாங்!" என்றார். கம்பெனி வேலையாக வெளியூர் போவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது.

வீட்டில் சர்க்கரைப் பொங்கலை மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டார். மொச்சைக் குழம்பு பிடித்திருந்தது, மோர்மிளகாயை விடவே இல்லை. இருட்டும்வரை இருந்துவிட்டுக் கிளம்பும்போது, கையோடு கொண்டுவந்த கிம்ச்சி டப்பா ஒன்றை அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

அம்மா இரவுக்கு அரிசி அளந்தாள், ஆளுக்கு இவ்வளவு என்று ஆழாக்கால். அளந்து முடித்து, வழக்கம்போல ஒரு கைப்பிடி மேலே போட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அன்று வேறு யாரும் வரவில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள்.

காலையில் பழையதோடு கிம்ச்சியைத் திறந்தோம். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றாள்.

"உப்பு தூக்கல். பூண்டு ஜாஸ்தி." இன்னொரு துண்டை எடுத்தாள். "பழையதுக்கு ஆவும்."